நோன்பைக் காணாமல் வளர்ந்த தலைமுறை: தீவகத்திலிருந்து ரமழானைப் புரிந்துகொள்ளல்

இந்த ஆண்டு பெப்ரவரி நடுப்பகுதியில் ஒரே வாரத்துக்குள் மூன்று விரத காலங்கள் வருகின்றன. 15 ஆம் திகதி சிவராத்திரி. 18 ஆம் திகதி விபூதிப் புதன், அதாவது கத்தோலிக்கர்களின் தபசுகாலத் தொடக்கம். பிறை தென்படுவதைப் பொறுத்து 19 ஆம் திகதியை அண்டி முஸ்லிம்களின் ரமழான் மாதம் பிறக்கும்.

முதல் இரண்டையும் பற்றித் தீவகத்தில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் சந்நிதியில் சிவராத்திரிக்குக் கண் விழித்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் தபசுகாலத்தில் மச்சம் தவிர்க்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஏராளம். மூன்றாவது நோன்பைப் பற்றி ஊரில் முப்பது, நாற்பது வயதுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். "பகலில் தண்ணீரும் குடிக்கமாட்டினம், எச்சிலும் விழுங்கமாட்டினம்" என்பதோடு பெரும்பாலும் பதில் முடிந்துவிடும். அதில் பாதி பிழை.

இத்தனைக்கும் நயினாதீவில் அம்மன் கோயிலும் நாகவிகாரையும் இருப்பதுபோல ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருவும் ஐந்து சந்தியும் ஒஸ்மானியாக் கல்லூரியும் இருக்கின்றன. இடங்கள் இருந்தும் எங்கள் வயதினருக்கு அந்த நோன்பு தெரியாமல் போனதற்கு ஒரு திகதி இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறவேண்டும் என்று தமிழீழ விடுதலைப் புலிகள் பணித்தார்கள். அந்த ஒக்டோபரில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் போய் ஒதுங்கினார்கள்.

நான் பிறந்தது 1990 இல். அதே ஆண்டு ஆகஸ்டில் இராணுவம் தீவகத்துக்குள் வந்தபோது, வேலணையிலிருந்து என்னையும் தூக்கிக்கொண்டு எங்கள் குடும்பம் வலிகாமத்துக்கு ஓடியது. நான் படித்த பாடசாலைகளில் ஒரு முஸ்லிம் பிள்ளைகூட இருக்கவில்லை. ரமழான் எனக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பந்தி, கலண்டரில் ஒரு விடுமுறை, அவ்வளவுதான். ஊடகக் கற்கைகள் படிக்கப் பல்கலைக்கழகம் போன பிறகுதான் ஒரு முஸ்லிம் தோழியோடு ஒரே அறையில் தங்கினேன். புத்தளத்தில் பிறந்தவர், தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தவர்கள். அவரிடம் கேட்டதும் பிறகு மௌலவிமாரிடமும் நூல்களிலும் தேடியதும்தான் இந்தக் கட்டுரை.

ஏன் ஒவ்வோர் ஆண்டும் திகதி மாறுகிறது?

இஸ்லாமிய நாட்காட்டி முழுக்கச் சந்திரனை வைத்து ஓடுவது. ஒரு மாதத்துக்கு 29 அல்லது 30 நாள், ஓர் ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். சைவர்களின் திதிக் கணக்கும் சந்திரனோடு தொடர்புடையதுதான். ஆனால் அங்கே சூரிய மாதம் அதைப் பிடித்து வைத்திருப்பதால் சிவராத்திரி எப்போதும் மாசியை விட்டு ஓடிவிடுவதில்லை. இஸ்லாமிய நாட்காட்டியில் அப்படிப் பிடித்துவைக்கும் ஏற்பாடு கிடையாது. ஆகவே ஒன்பதாவது மாதமான ரமழான் ஒவ்வோர் ஆண்டும் பத்து, பதினொரு நாள் முன்னே வருகிறது. மாரியிலும் வரும், சோளகக் காலத்திலும் வரும், பங்குனி வெயிலிலும் வரும். ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும்.

வெளியேற்றத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் நோற்கப்பட்ட கடைசி ரமழான் 1990 மார்ச் கடைசி வாரத்தில் தொடங்கியது. அடுத்தது 1991 மார்ச் நடுப்பகுதியில் வந்தபோது அதே குடும்பங்கள் புத்தளத்தில் அகதிகளாக இருந்தன. 2023 இல் ரமழான் மறுபடியும் மார்ச் கடைசி வாரத்தில் தொடங்கியது. ஒரு முழுச் சுற்று முடிந்துவிட்டது. போர் முடிந்த 2009 இற்குப் பிறகு சில குடும்பங்கள் திரும்பி வந்தன. பல குடும்பங்கள் இன்னும் புத்தளத்திலேயே இருக்கின்றன. இன்னும் சில இரண்டு ஊரிலும் ஒவ்வொரு கால் வைத்து வாழ்கின்றன.

இலங்கையில் மாதத் தொடக்கத்தை முடிவுசெய்வது கண்ணால் காணும் பிறை. முந்திய மாதமான ஷஃபானின் 29 ஆம் நாள் மாலை, கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறைக்குழு கூடும். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் அதில் பங்கெடுக்கின்றன. நாட்டின் எந்த மூலையிலாவது பிறை கண்ட நம்பகமான சாட்சி கிடைத்தால் மறுநாள் நோன்பு. இல்லாவிட்டால் ஷஃபானை 30 நாளாக நிறைவுசெய்வார்கள். சவூதி அரேபியாவின் அறிவிப்பைப் பின்பற்றவேண்டும் என்போரும் நாட்டில் உண்டு. அதனால் சில ஆண்டுகளில் இரண்டு வீட்டில் இரண்டு நாளில் நோன்பு தொடங்குவதைக் காணலாம்.

நோன்பும் விரதமும்

தமிழ் பேசும் முஸ்லிம்கள் தங்கள் வழிபாட்டின் முக்கியமான சொற்கள் பலவற்றைத் தமிழிலேயே வைத்திருக்கிறார்கள்: தொழுகை, பள்ளி, பெருநாள், நோன்பு. அரபியில் இதன் பெயர் ஸவ்ம். 'தடுத்துக்கொள்ளல், விலகியிருத்தல்' என்று பொருள். தமிழில் நோற்றல் என்றால் பொறுத்துக்கொள்ளல். ஒரு சொல் கையைத் தடுக்கிறது, மற்றது உடம்பைத் தாங்கச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரமழான் பகல் கிடைக்கும்.

எங்கள் ஊர்களில் விரதம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சைவச் சாப்பாடு. சட்டி பானை கழுவி, மச்சம் விலக்கி, ஒருபொழுது இருப்பது. கத்தோலிக்க ஒழுங்கிலும் இறைச்சி விலக்குதல் முக்கியம். ரமழானில் உணவின் வகைக்குக் கட்டுப்பாடு இல்லை, நேரத்துக்குத்தான் கட்டுப்பாடு. பகல் முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. சூரியன் மறைந்த பிறகு இறைச்சிக் கஞ்சியும் குடிக்கலாம். "விரதம் இருந்துவிட்டு இறைச்சி சாப்பிடுவதா?" என்று எங்கள் ஆட்கள் ஆச்சரியப்படுவது, ஒரு விரதத்தின் அளவுகோலால் இன்னொன்றை அளப்பதால் வருவது.

நோன்பு கடமையாக்கப்பட்டது, நபி முஹம்மத் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன இரண்டாவது ஆண்டில், அதாவது கி.பி. 624 இல். அதற்கான கட்டளைகள் அல்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயத்தில் 183 முதல் 187 வரையான வசனங்களில் இருக்கின்றன. அல்குர்ஆன் அருளப்பட்ட மாதம் என்பதால் ரமழான் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதும் அங்கேயே வருகிறது. நோக்கமாகச் சொல்லப்படுவது 'தக்வா'. இறையச்சம் என்று மொழிபெயர்ப்பார்கள். யாரும் பார்க்காத இடத்திலும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் விழிப்பு என்றும் விளக்குவார்கள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் யாருக்குத் தெரியும்? ஆனாலும் கோடிக்கணக்கானோர் குடிப்பதில்லை. தொழுகையை வெளியே இருந்து பார்க்கலாம். நோன்பை அப்படிப் பார்க்க முடியாது.

பொய், கோள், சண்டை, வீண் பேச்சு ஆகியவற்றிலிருந்தும் விலகியிருக்கவேண்டும் என்பது இதோடு சேர்ந்தது. இவை சட்டப்படி நோன்பை முறிப்பதில்லை. ஆனால் நோன்பின் பலனைத் தின்றுவிடும், கடைசியில் பசி மட்டுமே மிஞ்சும் என்பது மார்க்க அறிஞர்கள் எல்லோரும் சொல்வது.

ஒரு பகலின் ஒழுங்கு

விதிகளில் அறிஞர்களுக்கிடையே நுட்பமான வேறுபாடுகள் உண்டு. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றுவது ஷாபிஈ மத்ஹப் எனப்படும் சட்ட மரபு. கீழே சொல்வது பொதுவாக அதன்படி.

நோன்பு தொடங்குவது சூரியன் உதிக்கும்போது அல்ல, அதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் முன்னர், கீழ்வானில் வெளிச்சம் கிடையாகப் பரவத் தொடங்கும் வைகறையில். அதற்கு முன் கூம்புபோல மேலெழுந்து மறையும் ஒரு வெளிச்சம் வரும். அதைப் 'பொய் வைகறை' என்பார்கள், அது கணக்கில் இல்லை. விடியப்புறம் கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு வானத்தில் தெரியும். மற்றவர்கள் இப்போது நேர அட்டவணையையும் பாங்கையும் பார்த்துக்கொள்கிறார்கள். பங்குனியில் தீவகத்தில் அந்த நேரம் அதிகாலை 5 மணியை அண்டி வரும். மாலை 6.20 அளவில் சூரியன் மறையும். ஆக, பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். நாம் பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் எந்தப் பருவத்தில் ரமழான் வந்தாலும் இது ஒரு மணி நேரமளவுதான் கூடிக் குறையும். எங்கள் தீவகத்தார் பலர் வாழும் ஐரோப்பாவில் நிலைமை வேறு. ஆனி மாதத்தில் ஒஸ்லோவில் சூரியன் ஏறத்தாழ 19 மணி நேரம் வானில் நிற்கும்.

வைகறைக்கு முந்திய சாப்பாடு ஸஹர். நோன்பு திறப்பது இப்தார். ஸஹரைப் பிந்தியும் இப்தாரை முந்தியும் செய்வது சிறப்பு என்பது மரபு. சூரியன் மறைந்தது உறுதியானபின் கூடுதலாகக் காத்திருந்து பசியை நீட்டுவதில் புண்ணியம் எதுவும் இல்லை. பேரீச்சம்பழத்தால் திறப்பார்கள், அது இல்லாவிட்டால் தண்ணீரால்.

'நிய்யத்' என்ற எண்ணம் அவசியம். நாளைய ரமழான் நோன்பை நோற்கிறேன் என்று ஒவ்வோர் இரவும் மனத்தில் உறுதிகொள்ளவேண்டும். அந்த எண்ணம் இல்லாமல் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் அது நோன்பாகாது. சாப்பாடு இல்லாத வறுமையும் நோன்பும் வெளியே ஒன்றுபோலத் தெரியலாம். சட்டம் இரண்டையும் பிரிப்பது இந்த இடத்தில்தான்.

நோன்பை முறிப்பவை: தெரிந்துகொண்டு உண்பது, குடிப்பது, புகைப்பது, தாம்பத்திய உறவு, வேண்டுமென்று வாந்தி எடுப்பது. மாதவிடாய் தொடங்கினாலும் அன்றைய நோன்பு முறியும்.

முறிக்காதவை: மறந்துபோய்ச் சாப்பிடுவது (நினைவு வந்ததும் நிறுத்தவேண்டும்), தன்னையறியாமல் வரும் வாந்தி, தன் எச்சிலை விழுங்குவது, குளிப்பது, இரத்தப் பரிசோதனை. கண்ணுக்கு மருந்து விடுவதும் ஷாபிஈ மரபில் முறிக்காது. மூக்கிலோ காதிலோ விட்டால் முறியும் என்பார்கள். சிகிச்சைக்கான ஊசி முறிக்காது என்பது பெரும்பான்மை அறிஞர் கருத்து. உணவுக்குப் பதிலாக ஏற்றும் சேலைன் முறிக்கும் என்பார்கள் பலர். கடலில் முழுகுவதைத் தவிர்க்கச் சொல்வார்கள். முழுகுவதே முறிப்பதால் அல்ல, மூக்காலும் வாயாலும் தண்ணீர் உள்ளே போய்விடக்கூடும் என்பதால்.

விலக்கும் திருப்பிச் செலுத்தலும்

நோன்பைப் பற்றி வெளியார் அறியாத பெரிய பகுதி இது. கடமையைச் சொல்லும் அதே வசனங்களுக்குள்ளேயே விலக்கும் வந்துவிடுகிறது. பருவமடையாத பிள்ளைகளுக்குக் கடமை இல்லை. ஏழு வயதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார்கள். நோயாளி, பயணி, கர்ப்பிணி, பாலூட்டும் தாய், தள்ளாத முதியவர் ஆகியோருக்குச் சலுகை உண்டு. மாதவிடாயிலும் பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கிலும் இருக்கும் பெண் நோன்பு நோற்பது கூடாது. அது சலுகை அல்ல, கட்டளை.

ஆனால் விட்ட நாள் அப்படியே போய்விடுவதில்லை. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அது கடன். ரமழான் முடிந்தபின் நாளுக்கு நாள் நோற்றுத் தீர்க்கவேண்டும். இதற்குக் 'களா' என்று பெயர். என் அறைத்தோழி கலண்டரில் பென்சிலால் சிறிய புள்ளிகள் போட்டு வைத்திருந்தார். மாதவிடாயில் விட்ட நாட்கள். பல்கலைக்கழகப் பரீட்சை முடிந்த வாரங்களில் ஒவ்வொன்றாக நோற்று, ஒவ்வொன்றாக அழிப்பார். விடுதியில் வேறு யாரும் நோன்பில்லாத சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் அவர் மட்டும் விடிய எழும்பி, பாணும் சம்பலும் தின்றுவிட்டுப் படுப்பார். மாதம் முழுவதும் எல்லோரோடும் சேர்ந்து நோற்பதைவிட இந்தத் தனி நாட்கள்தான் கடினம் என்பார்.

திரும்ப நோற்கவே முடியாத முதியவருக்கும் தீராத நோயாளிக்கும் 'பித்யா' உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு ஒரு முத்து அளவு தானியம் கொடுக்கவேண்டும். எங்கள் அளவில் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைய அரிசி. குழந்தையின் நலனுக்கு மட்டுமே அஞ்சி நோன்பை விட்ட தாய் களாவும் செய்து பித்யாவும் கொடுக்கவேண்டும். காரணமில்லாமல் களாவை அடுத்த ரமழான் தாண்டும்வரை தள்ளிப்போட்டவருக்கும் அப்படியே.

பகல் நோன்பைத் தாம்பத்திய உறவால் முறித்தவருக்கு உரியது மிகக் கடுமையான பரிகாரம், 'கப்பாரா'. அடிமையை விடுவிப்பது முதலில் சொல்லப்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பது தொடர்ச்சியாக 60 நாள் நோன்பு, முடியாவிட்டால் 60 ஏழைகளுக்கு உணவு.

கூலி வேலைக்காரருக்கும் ஒரு வழி இருக்கிறது. வெயிலில் கல் சுமப்பவரும் வயலில் வெட்டுபவரும் முதல் நாளே விட்டுவிட முடியாது. எண்ணத்தோடு தொடங்கவேண்டும். தாங்கமுடியாத நிலை வந்தால் முறித்துவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம். சர்க்கரை நோயாளி மருந்தை நிறுத்திவிட்டு நோற்பதை மருத்துவரும் ஏற்கமாட்டார், மார்க்கமும் கேட்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை முறிப்பதே கடமை.

பயணிக்கு நான்கு நாள்

பயணிக்கான சலுகை தீவகத்தார் ஆர்வத்தோடு கேட்கும் விதி. நாங்கள் எதற்கெடுத்தாலும் படகேறுகிறவர்கள். குறிகாட்டுவானில் ஏறி நயினாதீவில் இறங்குவது பயணமா? நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் அலையில் ஆடுவது? சட்டப்படி இரண்டும் பயணம் அல்ல. ஷாபிஈ அளவில் ஒருவழித் தூரம் ஏறத்தாழ 80 கிலோமீற்றரைத் தாண்டவேண்டும், வைகறைக்கு முன்னரே ஊர் எல்லையைக் கடந்திருக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கோ புத்தளத்துக்கோ இரவு பஸ்ஸில் போகிறவர் பயணி. தலை சுற்றி வாந்தி எடுத்தபடி நெடுந்தீவுக்குப் போகிறவர் பயணி அல்ல. அவருக்கு உடல்நிலை காரணமாகச் சலுகை கிடைக்கலாம், தூரம் காரணமாகக் கிடைக்காது.

இந்தச் சலுகைக்கு முடிவும் உண்டு. போன இடத்தில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக, நான்கு நாள் தங்க எண்ணிவிட்டால் அவர் பயணி அல்ல. அங்கேயே நோன்பு பிடிக்கவேண்டும். எப்போது புறப்படுவோம் என்று தெரியாமல், இன்றோ நாளையோ போய்விடலாம் என்று காத்திருப்பவருக்கு அதிகபட்சம் 18 நாள்.

இந்த விதியைப் படித்தபோது நான் 1990 ஐ நினைத்தேன். இரண்டு மணி நேரத்தில் கதவைப் பூட்டிவிட்டு வந்தவர்கள் சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். வலிகாமத்துக்கு ஓடிவந்த எங்கள் வீட்டாரும் அப்படித்தான் நினைத்தார்கள். மார்க்கச் சட்டத்தின் 18 நாள் நவம்பரிலேயே முடிந்துவிட்டது. 1991 மார்ச்சில் ரமழான் வந்தபோது அவர்கள் பயணிகள் அல்ல, புத்தளத்தில் நோன்பு கடமையான ஊரவர்கள். நாட்டின் பதிவேடுகளிலோ அதற்குப் பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் 'இடம்பெயர்ந்தோர்'. ஒரு சட்டம் சில நாட்களிலேயே அவர்களைக் குடியிருப்பவர் என்று ஏற்றுக்கொண்டது. மற்றதில் எங்கே வாக்கு, எங்கே காணி, எங்கே வீட்டுத்திட்டம் என்ற இழுபறி அடுத்த தலைமுறைவரை நீண்டது.

வந்தவரை எப்படி நடத்துவது என்பதில் இந்தத் தீவுகளுக்கும் ஒரு பழைய சட்டம் இருந்தது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 12 ஆம் நூற்றாண்டு. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளைக் காக்கவேண்டும் என்பது அதில் உள்ள ஆணை. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்குதான் அரச பண்டாரத்துக்கு, மிகுதி உடையவனுக்கு. மற்ற வாணிபச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. அக்காலத்தில் கடல்வழிக் குதிரை வாணிபம் மேற்காசிய வணிகரோடு பிணைந்திருந்தது. நெடுந்தீவின் பெருக்க மரத்தைக்கூட அரபு வணிகர் கொண்டுவந்து நட்டார்கள் என்பதுதான் வழங்கிவரும் கதை. உடைந்த கப்பலில் வந்தவனின் சொத்தில் எவ்வளவு அவனுக்கே திரும்பக் கிடைக்கவேண்டும் என்று எண்ணூறு ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டிவைத்த துறை இது.

தனியாக நோற்கலாம், ஆனால்

நோன்பு தனிமனிதக் கடமை. ஒரு தீவில் ஒரேயொரு முஸ்லிம் இருந்தாலும் அவர் நோற்கலாம். ரமழானின் மற்ற எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். ஷாபிஈ மரபில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நடத்த, அந்த ஊரில் நிலையாகக் குடியிருக்கும் 40 ஆண்கள் வேண்டும். இரவில் தராவீஹ் என்ற நீண்ட தொழுகையைத் தனியாகவும் தொழலாம், ஆனால் பள்ளியில் கூட்டாகத் தொழுவதுதான் வழமை. கடைசிப் பத்து இரவுகளில் லைலத்துல் கத்ர் என்ற மாட்சிமைமிக்க இரவைத் தேடிப் பள்ளியிலேயே தங்குவார்கள். அதற்குத் திறந்திருக்கும் பள்ளி வேண்டும், அதைக் கூட்டிப் பெருக்க ஓர் ஆளாவது வேண்டும்.

பெருநாள் தொழுகைக்கு முன் ஒவ்வொரு தலைக்கும் ஏறத்தாழ 2.4 முதல் 3 கிலோ வரை அரிசி ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டும். இது ஸகாத்துல் பித்ர். பிறந்த குழந்தையின் பேரிலும் கொடுக்கவேண்டும். வாங்குவதற்கு ஆள் இல்லாத ஊரில் இந்தக் கடமையை எப்படி முடிப்பது?

கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, இஞ்சி, வெந்தயம், றம்பை, கொஞ்சம் இறைச்சி. பள்ளிவாசலில் பெரிய அண்டாவில் காய்ச்சிப் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஊற்றுவார்கள். வாளியோடும் தூக்குச்சட்டியோடும் வருகிறவர் எந்தச் சமயம் என்று யாரும் கேட்பதில்லை. அம்மா பட்டினத்துக்கு வந்துபோன காலத்தில் ரமழான் பின்னேரங்களில் சோனகத் தெருப் பக்கம் வீசிய கஞ்சி வாசத்தை இன்றைக்கும் சொல்லுவார். எனக்கு அந்த வாசம் கொழும்பில்தான் அறிமுகமானது.

வெளியேற்றத்தைப் பற்றிய பேச்சில் வீடு, கடை, காணி, நகை என்று இழப்புகளைக் கணக்கிடுவோம். இந்தக் கஞ்சியைப் போன்றவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மீள்குடியேற்றத்திலும் அப்படித்தான். கூரை போட்ட வீடு கிடைத்தாலும், ஸஹருக்கு எழும்பும்போது பக்கத்து வீட்டிலும் ஒரு விளக்கு எரியவேண்டும். அந்த நேரத்தில் குசினி வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு "என்ன நடக்குது?" என்று சந்தேகப்படாத அயலும் வேண்டும்.

அயலவர் கேட்கும் சில கேள்விகள்

*நோன்பாளிக்கு முன்னால் சாப்பிடலாமா?* தாராளமாக. ஒளித்துச் சாப்பிடத் தேவையில்லை. "ஒரு வாய் சாப்பிடுங்கோ" என்று வற்புறுத்தாமல் இருந்தால் போதும். ஒரு முஸ்லிம் பெண் நோன்பில்லாமல் இருப்பது தெரிந்தால் ஏன் என்று கேட்காதீர்கள்.

*நோன்பு திறக்க நாங்கள் ஏதாவது கொடுக்கலாமா?* கொடுக்கலாம். நோன்பு திறக்க உணவளிப்பது பெரிய நன்மையாகக் கருதப்படுகிறது. பழம், இளநீர், வடை, தேநீர் எல்லாம் சரி. இறைச்சி என்றால் ஹலால் முறையில் அறுத்ததாக இருக்கவேண்டும். தெய்வத்துக்குப் படைத்த உணவை அவர்கள் உண்பதில்லை. கோயில் சூழ்ந்த தீவில் இதை அறிந்திருப்பது நல்லது. பிரசாதத்தை மறுப்பது எங்கள் மீதான வெறுப்பு அல்ல. படைக்காத சாப்பாட்டை அதே வீட்டில் மகிழ்ச்சியோடு சாப்பிடுவார்கள்.

*வேலைத்தளத்தில் என்ன செய்யலாம்?* மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைக்காதீர்கள். ரமழானில் முஸ்லிம் அரச ஊழியர்களின் தொழுகைக்கு வசதியாக வேலை நேரத்தை ஒழுங்குசெய்யும்படி பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை வெளியிடுவது வழமை. அது தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. அங்கே முகாமையாளரின் மனம்தான் சுற்றறிக்கை.

*பாடசாலையில்?* வகுப்பில் ஒரு பிள்ளை நோன்பென்றால் விளையாட்டுப் போட்டி ஓட்டத்தை வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்டால் அந்தப் பிள்ளையே பதில் சொல்லட்டும். எங்கள் காலத்தில் எங்களுக்குக் கிடைக்காத பாடம் அது.

*தீவுக்குள்?* இருட்டிய பிறகு வழமையான படகு இல்லை. நயினாதீவில் மாலையில் வேலை முடித்துக் கரைக்கு வரவேண்டிய முஸ்லிம் ஒருவர் நடுக்கடலில் நோன்பு திறக்க நேரலாம். ஒரு போத்தல் தண்ணீரும் இரண்டு பேரீச்சம்பழமும் போதும். படகில் பக்கத்தில் இருப்பவர் அவர் ஏன் மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டு போத்தலைத் திறக்காமல் வைத்திருக்கிறார் என்று அறிந்திருந்தால், கொஞ்சம் நகர்ந்து இருக்க இடம் கொடுப்பார்.

நோன்புச் சட்டத்தில் விட்ட நாளைக் களாச் செய்யலாம். வட மாகாணம் முஸ்லிம் அயல் இல்லாமல் விட்ட ரமழான்களுக்கு அப்படி ஒரு வழி இல்லை. திரும்பி வந்தவர்களோடும் வர விரும்புகிறவர்களோடும் இனி வரும் ரமழான்களை எப்படிக் கழிப்பது என்பது மட்டும் எங்கள் கையில் இருக்கிறது. 19 ஆம் திகதி வாக்கில் யாழ்ப்பாணத்தில் எங்காவது ஒரு பள்ளிவாசலில் அண்டா அடுப்பில் ஏறும். தூக்குச்சட்டியோடு போகிறவர்களை யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள்.